குப்பைமேனிச் சாறு மூன்று வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

குழந்தையின் சளி இருமலுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது குப்பைமேனியேதான். பூக்கதிரைக் கிட்டத்தில் பாருங்கள்: ஓரம் பல் பல்லாக வெட்டிய, கிண்ணம் போன்ற பச்சைச் செதில்கள். அதற்குள்தான் பெண்பூ ஒளிந்திருக்கும். ஆமணக்குக் குடும்பம்தான், ஆனால் காம்பை ஒடித்தால் அம்மான் பச்சரிசிச் செடியைப் போலப் பால் வராது.

சளிக்கு இலைச்சாறு புகட்டி வாந்தியெடுக்க வைப்பது பழைய பழக்கம், உண்மைதான். ஆனாலும் மூன்று வயதுக் குழந்தைக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் செடி உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையும். மஞ்சள் காமாலை, கறுத்த சிறுநீர் என்று ஆபத்தாகிவிடும். பிறவியிலேயே வரும் அந்தக் குறைபாடு பார்வைக்குத் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

சொறி சிரங்குக்கு இலையை உப்போடு அரைத்துப் பூசுவார்கள். அது பெரியவர்களுக்குச் சரி. இருமல் நிற்கவில்லை என்றால் இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே சாறு புகட்டியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.