பாம்பு கேம் புரோகிராம் கோடை வெளிய காட்டினா திருடிடுவாங்களா?

கேள்வி: இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். பைத்தான்ல, கேம் எழுதறதுக்கான பைகேம் லைப்ரரி வச்சு ஒரு பாம்பு கேம் எழுதியிருக்கேன். ஓடுது, ஆனா வேகமா திரும்பினா சில நேரம் பாம்பு காரணமே இல்லாம செத்துடுது. விஷயம் தெரிஞ்ச புரோகிராமர்ஸ்கிட்ட காட்டி கருத்து கேக்கணும்னு ஆசை, ஆனா யாராவது கோடை எடுத்துக்கிட்டா என்ன பண்றது? எங்க ஊர்ல ப்ராஜெக்ட் சென்டர் வச்சிருக்கிற ஒருத்தர், "முதல்ல பேட்டன்ட்டும் காப்பிரைட்டும் பண்ணிடு, 6,500 ரூபாய்ல முடிச்சுத் தர்றேன், அதுவரைக்கும் யாருக்கும் கோடு குடுக்காத, இஎக்ஸ்இ (கோடு தெரியாம நேரா ஓடுற பைல்) மட்டும் அனுப்பு"ங்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க தம்பி. இந்த சென்டர்காரங்க கதை எனக்கு நல்லாவே தெரியும். பைனல் இயர் ப்ராஜெக்ட்டை ஒரே ஜிப் பைல்ல நாப்பது பேருக்கு வித்துட்டு, ரெண்டாவது வருஷ பையன்கிட்ட மட்டும் "திருடிடுவாங்க"ன்னு பூச்சாண்டி காட்டுவாங்க.

பேட்டன்ட் விஷயத்தை முதல்ல முடிச்சுடுவோம். இந்தியாவோட பேட்டன்ட் சட்டம் 3(கே) பிரிவுல, வெறும் கம்ப்யூட்டர் புரோகிராமுக்கு பேட்டன்ட் கிடையாதுன்னு நேரடியாவே போட்டிருக்கு. அது போக பாம்பு கேம் ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, 1976லயே பிளாக்கேட்னு ஒரு ஆர்கேட் மிஷின்ல இந்த ஆட்டம் வந்தாச்சு, 1997ல நோக்கியா 6110 போன்ல வந்து ஊரெல்லாம் ஆடினாங்க. இதுக்கு பேட்டன்ட் வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் சொன்னா, ஒண்ணு அவருக்கு ஒண்ணும் தெரியல, இல்ல நமக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்கிறார்.

காப்பிரைட் வேற. நீங்க கோடை எழுதி சேவ் பண்ணின அந்த நிமிஷமே அது உங்களுக்கு வந்தாச்சு, பதிவு கட்டாயமே இல்ல. 1957 சட்டத்துல கம்ப்யூட்டர் புரோகிராமை இலக்கியப் படைப்புக் கணக்குல சேர்த்திருக்காங்க, பதிவு பண்ணியே ஆகணும்னு தோணுச்சுன்னா அரசாங்கக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைன்ல நீங்களே போடலாம். ஒரு வேடிக்கையும் இருக்கு, 2021ல விதியை மாத்தினதுக்கு அப்புறம் பதிவுக்கு சோர்ஸ் கோடோட முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் குடுக்கணும், மொத்தமே 20 பக்கத்துக்குக் கீழன்னா முழுசையும் குடுக்கணும், எதையும் மறைக்கவும் கூடாது. யாருக்கும் குடுக்காதன்னு சொன்ன அதே ஆள் கைக்குத்தான் உங்க கோடு முதல்ல போகும்!

இஎக்ஸ்இ மட்டும் அனுப்புங்கிற யோசனை அதைவிட மோசம். விவரம் தெரிஞ்ச யாரும் முன்பின் தெரியாதவர் அனுப்பின இஎக்ஸ்இயை டபுள் கிளிக் பண்ண மாட்டாங்க, பைத்தான் கோடை இஎக்ஸ்இயா மாத்தற பைஇன்ஸ்டாலர்ல செஞ்ச பைலை பார்த்தா ஒண்ணுமே இல்லாட்டியும் பல ஆன்டிவைரஸ் கத்தும். அப்படியே தைரியமா ஓட்டினாலும் ஆட்டத்தைத்தான் பார்ப்பாங்க, கோடைப் பார்க்காம கோடு பத்தி என்னத்தைச் சொல்லுவாங்க? வாட்ஸ்அப்ல ஒட்டியும் அனுப்பாதீங்க, பைத்தான்ல வரி முன்னாடி விடுற இடம்தான் உயிர், அது குலைஞ்சா எல்லாம் போச்சு. மானிட்டரை போன்ல போட்டோ எடுத்து அனுப்புறவங்களுக்கு நான் பதிலே போடுறதில்ல.

கோடு போட்டு வைக்கிற கிட்ஹப் தளத்துல ஒரு பப்ளிக் ரெப்போ (எல்லாரும் பார்க்கக்கூடிய ப்ராஜெக்ட் போல்டர்) போடுங்க, காசு கிடையாது. லைசன்ஸ் (மத்தவங்க எடுத்து உபயோகிக்க நீங்க குடுக்கிற அனுமதி) எதுவும் போடலைன்னா மத்தவங்க பார்க்கலாம், அந்த தளத்துக்குள்ளயே போர்க் (தன் கணக்குல ஒரு நகல்) பண்ணிக்கலாம், ஆனா எடுத்து சொந்தமா உபயோகிக்க உரிமை கிடையாது, உங்க பயத்துக்கு அதுவே போதும். உள்ள ரீட்மீ பைல்ல எந்த பைத்தான் வெர்ஷன், எப்படி ஓட்டணும், என்ன சந்தேகம்னு நாலு வரி எழுதுங்க. படங்களை சி டிரைவ்ல உங்க பேர் போட்ட போல்டர்ல இருந்து கூப்பிட்டிருந்தா அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல முதல் செகண்ட்லயே கேம் படுத்துடும், அதனால ரெப்போ உள்ளயே ஒரு போல்டர்ல வச்சு அங்கிருந்து எடுங்க. அந்தப் படங்கள் கூகுள்ல தேடி எடுத்ததுன்னா மாத்திடுங்க, ஏன்னா அந்த இடத்துல அடுத்தவன் பொருளை எடுத்தது நீங்கதான். கென்னிங்கிற தளத்துல சிசி0ல (யார் வேணா எடுத்துக்கலாம்ங்கிற லைசன்ஸ்) கேமுக்கான படம், சத்தம் எல்லாம் இலவசமாவே கிடைக்குது.

எங்க கேக்கறதுன்னா, ஓடுற கோடை இன்னும் நல்லா எழுத முடியுமான்னு கேக்க ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்ங்கிற கேள்வி பதில் தளத்துல (ஷேர் மார்க்கெட் இல்ல) கோடு ரிவ்யூன்னு தனி இடம் இருக்கு. அங்க கோடை கேள்விக்குள்ளயே ஒட்டணும், லிங்க் மட்டும் போட்டா மூடிடுவாங்க, பக் (தப்பு) இருக்கிற கோடையும் ஏத்துக்க மாட்டாங்க. பக் இருந்தா ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற தளத்துல கேளுங்க, ஆனா அங்க போய் "என் கேம் எப்படி இருக்கு"ன்னு கேட்டா அடிதான் விழும். ரெண்டு இடத்துலயும் நீங்க ஒட்டுற கோடு கிரியேட்டிவ் காமன்ஸ் லைசன்ஸ்ல போகும், உங்க பேரைச் சொல்லி யாரும் எடுத்துக்கலாம். பாம்பு கேமுக்கு இதுல நஷ்டமே இல்ல.

ஒரே ஒரு இடத்துல மட்டும் நிஜமாவே பயப்படணும், இதை கொஞ்சம் இழுத்தே சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்றதில்ல. நீங்க எங்கயாவது இன்டர்ன்ஷிப் பண்றீங்களா? வேலை ஒப்பந்தத்துலயோ அப்ரன்டிஸாவோ இருக்கும்போது அந்த வேலையோட பகுதியா எழுதினது, வேற மாதிரி எழுதி வச்சுக்கலைன்னா, காப்பிரைட் சட்டம் 17(சி) பிரிவுப்படி கம்பெனிக்குத்தான் சொந்தம். ராத்திரி வீட்ல, உங்க சொந்த லேப்டாப்ல, உங்களுக்காக எழுதின பாம்பு கேம் அதுல வராது. ஆனா கையெழுத்து போட்ட தாள்ல "இந்த காலத்துல எழுதறது எல்லாமே எங்களுக்கு"ன்னு ஒரு வரி இருக்கலாம், அதைப் படிக்காமதான் எல்லாரும் கையெழுத்து போடறாங்க. ஆபீஸ் லேப்டாப்ல எழுதினா வீண் வம்பு, ஆபீஸ் கோட்ல இருந்து ஒரு பங்ஷனை காப்பி பண்ணி சேர்த்திருந்தா அதைவிட வம்பு. அப்படி ஏதாவது இருந்தா அந்தப் பகுதியைத் தூக்கிட்டு மறுபடி சொந்தமா எழுதிட்டு அப்புறம் போடுங்க. ஒருதடவை பப்ளிக்கா போட்டதை அழிச்சாலும் பழைய கமிட்ல (முன்னாடி சேமிச்ச பதிப்புல) அது அப்படியே உக்காந்திருக்கும், அதனால புது ரெப்போலதான் போடணும்.

காலேஜ்ல இதையெல்லாம் சொல்லித் தரணும், ஆனா அங்க புரோகிராமை ரெக்கார்ட் நோட்ல கையால எழுத வச்சு சீல் குத்தறதுக்கே நேரம் சரியா இருக்கு. அடுத்தவன் எழுதின கோடைப் படிச்சு குறை சொல்ல ஒரு பீரியட் கூட கிடையாது, அப்புறம் பசங்க சென்டர்காரன்கிட்ட போகாம எங்க போவாங்க.

உங்க பாம்பு சாகற காரணம் அனேகமா இதுதான். பாம்பு வலது பக்கம் போகும்போது இடது கீயை அமுக்கினா எடுத்துக்கக் கூடாதுன்னு ஒரு கண்டிஷன் வச்சிருப்பீங்க, ஆனா ஒரு கட்டம் நகர்றதுக்குள்ள மேல், இடதுன்னு ரெண்டையும் தட்டினா, மேல் கீ வந்ததுமே திசை "மேல்"னு மாறிடும், அடுத்து வர்ற இடது கீயைத் தடுக்க ஆளில்ல, பாம்பு நேரா தன் கழுத்துலயே மோதிடும். கடைசியா நிஜமாவே எந்தப் பக்கம் நகர்ந்துச்சோ அதைத் தனியா ஒரு வேரியபிள்ல வச்சு அதோட ஒப்பிடுங்க, சரியாயிடும். அதை முடிச்சிட்டு, சாப்பாடு பாம்போட உடம்பு மேலயே வந்து விழுதான்னும் பாருங்க. உங்க கோடைப் பார்க்காமலே சொல்றேன், விழும்.