வெறும் பழ வாசனைதானா?

வணக்கம்.

பதினைந்து வயது மகனின் பையில் பென் டிரைவ் மாதிரி ஒன்று கிடைத்தது. "இது வேப்மா, வெறும் பழ ஃப்ளேவர்" என்கிறான். அடுத்தது கஞ்சாதான் என்று உறவினர் பயமுறுத்துகிறார். உண்மையா? பிடுங்கி எறிந்துவிடவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உறவினர் சொல்வது பாதி சரி. வேப் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட். அது பழகிய பிள்ளைகள் பிற்பாடு சிகரெட்டையும் கஞ்சாவையும் தொடுவது மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் பலமுறை காட்டிவிட்டன. வேப்தான் காரணமா, துடுக்கும் சேர்க்கையும் மனச்சோர்வும் இரண்டுக்கும் பொதுக் காரணமா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. அந்தச் சண்டையை விடுங்கள். கையில் கிடைத்ததைப் பாருங்கள்.

லேபிளில் 2 மில்லி, மில்லிக்கு 20 மி.கி. என்றிருந்தால் உள்ளே 40 மி.கி. நிகோட்டின், அதாவது புகையிலையில் அடிமையாக்கும் பொருள். ஒரு சிகரெட்டிலிருந்து உடம்பில் சேர்வது ஏறக்குறைய 1 மி.கி. வேப்பில் உள்ளதெல்லாம் உடம்புக்குள் போகாது. ஆனாலும் இது விளையாட்டுச் சாமான் இல்லை. இதில் பெரும்பாலும் இருப்பது அமிலம் சேர்த்த நிகோட்டின் உப்பு. தொண்டை எரியாது. முதல் சிகரெட்டில் வரும் இருமல்தான் பல பிள்ளைகளைத் தடுக்கும். இங்கே அதுவும் கிடையாது.

கார்ட்ரிட்ஜை, அதாவது திரவம் உள்ள குப்பியை, கழற்றி மாட்டும் வகையா? அதே பேட்டரியில் கஞ்சா எண்ணெயும் ஓடக்கூடும். கண்ணாடிக் குப்பியைச் சாய்த்துப் பாருங்கள்: நிகோட்டின் திரவத்தில் குமிழி சட்டென ஏறும், கஞ்சா எண்ணெயில் மெல்ல நகரும். 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களின் நுரையீரல் கெட்டுப் பலர் இறந்ததற்கு, இத்தகைய எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம். செயற்கைக் கஞ்சா ரசாயனத்துக்கு இந்தக் குமிழிக் கணக்கு உதவாது. அது சாதாரணத் திரவத்திலேயே கரையும், வழக்கமான கஞ்சா சோதனையிலும் பெரும்பாலும் சிக்காது. நண்பனிடம் வாங்கிய, லேபிள் இல்லாத கருவி என்றால் உள்ளே என்ன என்று அவனுக்கே தெரியாது. வலிப்போ மயக்கமோ வந்தால் கருவியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பிடுங்கி எறிவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு? அரை மணிக்குள் என்றால் நன்றாகவே பழகிவிட்டான். நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும். அந்த முதல் வாரத்தில்தான் பிள்ளைகள் சிகரெட்டையோ இன்னொருவன் நீட்டும் கருவியையோ வாங்குகிறார்கள். ஆகவே மருத்துவரிடம் முதலில் நேரம் வாங்குங்கள், நிறுத்தும் தேதியை அவனே சொல்லட்டும். பரீட்சை வாரம் மட்டும் வேண்டாம்.