மழைக்காலத்தில் கிறிஸ்துமஸ் வளையம்: அட்டை, பசை, உப்பு மாவு

கேள்வி (நாகர்கோவில் வாசகி): அட்டைப்பெட்டியில் வளையம் வெட்டி, செய்தித்தாள் இலைகள் ஒட்டிக் கதவில் தொங்கவிட்டோம். நான்கே நாளில் அப்பளம்போல் வளைந்துவிட்டது. பேசாமல் கடையில் பிளாஸ்டிக் வளையம் வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒற்றை அட்டையில் செய்ததுதான் கோளாறு. பெட்டி அட்டையின் நடுவில் அலையலையாக மடித்த தாள் ஒன்று இருக்கும். அலை ஓடும் திசையில் அட்டை விறைப்பாக நிற்கும், குறுக்கே சுலபமாக மடங்கும். நீங்கள் ஒரு பக்கம் மட்டும் பசை தடவியிருப்பீர்கள். அந்தப் பக்கத் தாள் நனைந்து, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. மழைக்கால ஈரக்காற்றில் அட்டை தளர்வதால் இன்னும் சுலபமாக வளையும்.

டி.வி., ஃபிரிட்ஜ் வந்த தடித்த பெட்டியை எடுங்கள். வெளிவட்டம் 30 செ.மீ., உள்வட்டம் 18 செ.மீ. வருமாறு இரண்டு வளையம் வெட்டுங்கள். சாப்பாட்டுத் தட்டையும் டிபன் தட்டையும் கவிழ்த்து வரைந்தால் ஏறக்குறைய இந்த அளவு வரும். ஒன்றின் அலை நெடுக்கிலும் மற்றதன் அலை குறுக்கிலும் இருக்கும்படி இரண்டையும் ஒட்ட வேண்டும். ஃபெவிகாலில் தண்ணீர் கலக்காதீர்கள். காலாவதியான ஏ.டி.எம். கார்டால் மெல்லிசாக இழுத்துத் தடவி, மேலே பலகை வைத்து, அதன்மேல் அரிசி டின்னை ஓர் இரவு ஏற்றி வையுங்கள். காலையில் முன்புறமும் பின்புறமும் ஒவ்வொரு தாள் ஒட்டிவிட்டால் இழுப்பு இரு பக்கமும் சமமாகிவிடும்.

இலைக்கு 12 செ.மீ. சதுரத் தாளைக் கூம்பாகச் சுருட்டுங்கள். வாய் மூன்றரை செ.மீ. இருந்தால் வெளிவரிசைக்கு 27 கூம்பு, உள்வரிசைக்கு 21 போதும். கூர்முனை உள்நோக்கி இருக்கட்டும். உள்வரிசைக் கூம்பு, முடிந்தவரை வெளிவரிசையின் இரண்டு கூம்புகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். அடியில் ஒரு சொட்டுப் பசை போதும், தாள் முழுக்கப் பூசினால் மறுபடியும் ஊறும். தொங்கவிட அட்டையில் ஓட்டை போடாதீர்கள், இரண்டே நாளில் கிழியும். சணல் கயிற்றை வளையத்தையே சுற்றிக் கட்டுங்கள். இதில் காசு கொடுத்து வாங்க வேண்டியது நல்ல பசை ஒன்றுதான்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): போன வருடம் உப்பு மாவில் நட்சத்திரமும் மணியும் செய்து, வார்னிஷ் அடித்து எடுத்து வைத்தோம். இப்போது திறந்தால் பிசுபிசுக்கிறது, கரும்புள்ளியும் இருக்கிறது. வார்னிஷ் போலியா?

பதில்: வார்னிஷைச் சந்தேகப்பட வேண்டாம். உள்ளே ஈரம் இருக்கும்போதே அடித்துவிட்டீர்கள். மேலே பூச்சு மூடிக்கொண்டதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சை பிடித்தது. அதோடு, ஜாடியில் உப்பு கசிவதைப்போல் இந்த மாவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம்.

அளவு: மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணீர் முக்கால் கப், தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். கல்லுப்பு போட்டால் நறநறவென்று நின்று ஓரம் உதிரும். பத்து நிமிடம் பிசைந்து, 5 மி.மீ. கனத்துக்குத் தேயுங்கள். ஒரு செ.மீ. கனம் போனால் மேல்புறம் முதலில் காய்ந்து வெடிக்கும். கயிறு கோக்கும் ஓட்டையை ஸ்ட்ராவால் இப்போதே குத்துங்கள். ஓவனில் 100 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டு. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் பூரிபோல் உப்பும்.

காய்ந்ததா என்று பார்க்க, பொம்மை நன்றாக ஆறியபின் பின்பக்க நடுவை விரலால் தொடுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, திரும்ப ஓவனில் வையுங்கள். நகத்தால் தட்டினால் பீங்கான்போல் ‘டிங்’ என்று கேட்க வேண்டும். அதன்பிறகே முன், பின், ஓரம், ஓட்டையின் உள்விளிம்பு என எல்லா இடத்திலும் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். இத்தனை உப்பைத் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து.

உங்கள் ஊருக்கு இதைவிட நல்லது ஆப்ப சோடா களிமண். சோடா 2 கப், கார்ன்ஃப்ளோர் 1 கப், தண்ணீர் ஒன்றேகால் கப். அடுப்பில் கிளறி, மசித்த உருளைக்கிழங்கு பதத்தில் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிடுங்கள். பால்வெள்ளை நிறம் வரும், உப்பு இல்லாததால் அப்படிக் கசியாது.

கேள்வி (கோவை வாசகி): பசைக் குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன் வாங்கிய மூன்றாம் நாளே சூடாகவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது’ என்று பில்லில் அச்சடித்திருக்கிறது என்கிறார் கடைக்காரர்.

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. எழுத்தில் கேளுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த முறை வாங்கும்போது, கன்னுக்கு 7 மி.மீ. குச்சியா 11 மி.மீ. குச்சியா என்று பார்த்து வாங்குங்கள். பாதி உருகிய குச்சியைப் பின்னால் பிடித்து இழுக்காதீர்கள், பசை உள்ளே ஏறி அடைத்துக்கொள்ளும்.

கேள்வி (திருச்சி வாசகர்): திருவருகைக்கால (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்) மெழுகுவத்தி நான்கையும் தாள் வளையத்திலேயே நிறுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. ஸ்டீல் தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் நிரப்பி, ஊதா மூன்றையும் ரோஸ் ஒன்றையும் அதில் நடுங்கள். சுற்றிலும் பச்சை இலை வைத்து வாராவாரம் மாற்றுங்கள். சவுக்கு காய்ந்தால் சட்டெனப் பற்றும் என்பதால் அதைத் தவிருங்கள். எல்.இ.டி. மெழுகுவத்தி வாங்குவதானால், பேட்டரி மூடியில் ஸ்க்ரூ இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும்.