அலை ஒரு மீட்டர்தானே, டைவ் போகலாமா?

கேள்வி: ஸ்கூபா பயிற்சி முடித்து எட்டு டைவ் ஆகியிருக்கிறது. நீலாங்கரையிலிருந்து படகில் போவோம். முன்னறிவிப்பில் அலை ஒரு மீட்டர் என்றுதான் போட்டிருந்தது. ஆனாலும் படகோட்டி அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மீட்டருக்கே பயப்பட வேண்டுமா?
- வாசகி, திருவான்மியூர்

பதில்: அவர் சொன்னது சரி. கடல்நிலையை முன்னறிவிக்கும் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை உயரம், வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் என்று போட்டிருந்தால், நடுநடுவே இரண்டு மீட்டரை நெருங்கும் அலையும் வரும்.

உயரத்தோடு விநாடியையும் பாருங்கள். ஒரு முகடு கடந்து அடுத்தது வர எடுக்கும் நேரம் அது. அலை உயரம் அதே ஒரு மீட்டர்தான். ஆனால் 15 மீட்டர் ஆழத் தரையில் 6 விநாடி அலை உங்களை ஒரு முழம்கூட நகர்த்தாது, 14 விநாடி அலையோ ஒன்றரை மீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் இழுக்கும். தூரத்துக் கடலிலிருந்து வரும் அந்த நீண்ட அலை மேலே சாதுவாகத் தெரியும். ஏமாறுவது அங்கேதான். குறுகிய அலை கீழே விட்டுவிடும், படகைத்தான் உலுக்கும்.

காற்று 12 நாட் (knot, மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டி, கடலெங்கும் வெள்ளை நுரை பூத்திருந்தால் அந்த நாளுக்கு எட்டு டைவ் அனுபவம் போதாது. நீரோட்டத்தை அளக்க, நங்கூரமிட்ட படகிலிருந்து 15 மீட்டர் கயிற்றில் ஒரு மிதவையை விடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் கயிறு விறைத்தால் ஓட்டம் அரை நாட் வேகத்துக்கு மேல், இறங்காதீர்கள். மேல்நீரும் அடிநீரும் வேறு வேறு திசையில் ஓடுவதும் உண்டு.

கடைசியாக ஏணி. உடுப்பு மாட்டும் முன் ஐந்து நிமிடம் அதையே பாருங்கள். கீழ்ப்படி தண்ணீரை விட்டு எழும்பி மறுபடி அறைகிறது என்றால், களைத்துத் திரும்பும்போது 20 கிலோ சுமையோடு அதில் ஏற வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். குதிப்பது எவராலும் முடியும். முடிவை ஏறுவதை வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மீனவர்களுக்கு வானிலை மையம் எச்சரிக்கை விடுத்த நாளில் இந்தக் கணக்கே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக் காற்றோடு மழையும் சேரும்போது, அடையாறு முகத்துவாரச் சேறு கலந்து கீழே கைகூடத் தெரியாது.

கேள்வி: இறங்கிய பிறகு கடல் முரண்டினால்?
- வாசகர், கேளம்பாக்கம்

பதில்: மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்கும்போது நங்கூரக் கயிற்றை இறுகப் பிடிக்காதீர்கள். படகு துள்ளுகிறபோதெல்லாம் கயிறு உங்களையும் மேலே இழுக்கும். அந்த நொடியில் மூச்சை அடக்கியிருந்தால் நுரையீரலுக்கு ஆபத்து. விரல்களை வளையமாக்கிக் கயிற்றைச் சுற்றி வைத்தால் போதும், மூச்சு நிற்காமல் ஓடட்டும். மேலே வந்ததும் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றைத் தரும் மூச்சுக் கருவி) வாயிலிருந்து எடுக்கக் கூடாது, படகில் உட்காரும் வரை. முன்னால் ஏறுபவர் சறுக்கினால் சிலிண்டரோடு உங்கள் தலையில்தான் விழுவார். ஏணிக்கு நேர் கீழே காத்திருக்காமல் பக்கவாட்டில் விலகி நில்லுங்கள். இந்தக் காத்திருப்புக்கும் காற்று வேண்டும் என்பதால், சிலிண்டரின் அழுத்தமானியில் வழக்கமான 50 பாருக்கு (bar, காற்றழுத்த அளவு) பதில் 80 பார் மீதம் இருக்கும்படி மேலே வாருங்கள்.