சமாதானக் கும்பிடும் சேமலாப நிதியும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, எங்கள் கோயிலில் வாசகம் வாசிப்பவர், பங்குச் சபையிலும் இருப்பவர், மத்திய வீதியில் ஹாட்வெயார் கடை நடத்துகிறார். கடைப் பையன்களின் சம்பளத்தில் சேமலாப நிதிக்கென்று மாதாமாதம் வெட்டுகிறார். இரண்டு வருடமாக ஒரு சதமும் கட்டவில்லை. கிண்ணியாவிலிருந்து வரும் பையன் ஒருவன் விசாரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லி அழுதான். ஆனால் திருவிழாவுக்கு லைட் அலங்காரம் முழுதும் இவர் செலவு! பூசையில் சமாதானம் தெரிவிக்கும்போது நான் அவர் பக்கம் திரும்புவதில்லை. "தீர்ப்பிடாதே என்று ஆண்டவர் சொன்னது மறந்துபோச்சா?" என்கிறா மனைவி. நான் செய்வது பாவமா? (சீமெந்து அவரிடம்தான் கடனுக்கு எடுக்கிறேன். அது வேறு விசயம்.)
– பெயர் வேண்டாம், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பாவமா இல்லையா என்பதைப் பங்குச் சுவாமியிடம் கேளுங்கள். எனக்குக் கணக்குத்தான் வரும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தொழிலாளியின் உழைப்பில் நூற்றுக்கு 8 வெட்டி, முதலாளி தன் பங்காக 12 சேர்த்து, அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும். ஒரு பேச்சுக்குப் பையனுக்குச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். வெட்டியது மாதம் 3,200. இரண்டு வருடத்தில் 76,800. இது முதலாளி கொடுக்க மறந்த காசல்ல, பையனின் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசு. முதலாளியின் பங்கையும் சேர்த்தால் 1,92,000. திருவிழா லைட்டில் எத்தனை பல்ப் அந்தப் பையன் உபயம் என்று சபையில் யாராவது கேட்டார்களா?

கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்கிறார் புதிய ஏற்பாட்டுத் திருமுகத்தில் யாக்கோபு. திருத்தந்தை 13ஆம் லியோ அதை எடுத்து 1891இல் தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில் எழுதினார். நம்முடைய திருகோணமலை மறைமாவட்டம் உருவானது 1893இல். ஆக, இந்தப் புத்திமதி நம் மறைமாவட்டத்துக்கே இரண்டு வயது மூத்தது. புதிதாக ஒன்றும் கேட்டுவிட்டதாக யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. பிந்திக் கட்டினால் தண்டம் நாளாக ஆக ஏறி 50 வீதம் வரை போகும். நற்செய்தியில் வரும் வரி தண்டுகிற சக்கேயு, ஏமாற்றி எடுத்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். தொழில் திணைக்களம் அவனைவிட இரக்கமுள்ளது.

உங்கள் மனைவி சொன்ன வசனத்தை அதோடு நிறுத்தாமல் கீழேயும் வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் உன் கண்ணிலுள்ள கட்டையை எடு, பிறகு சகோதரனின் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க நன்றாகக் கண் தெரியும் என்று வருகிறது. துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்று எங்கும் இல்லை.

கட்டைக்கு வருவோம். அடைப்புக்குறிக்குள் ஒரு வரி எழுதினீர்களே, 'அது வேறு விசயம்' என்று. வேறு விசயமே இல்லை. மூன்று மாதம் தவணை தாங்கிச் சீமெந்து தரும் கடைக்காரருக்கு அந்தக் காசு எங்கிருந்து வருகிறதென்று நினைத்தீர்கள்? கோயிலில் முகத்தைத் திருப்புகிறீர்கள், கடையில் கையை நீட்டுகிறீர்கள். கிண்ணியாப் பையன் உங்களை நம்பிச் சொன்னதற்கு இதுவரை நீங்கள் செய்தது கும்பிடாமல் விட்டதும், எனக்குக் கடிதம் எழுதியதும்தான்.

சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனியாக இருக்கும்போது சொல், கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்று மத்தேயு 18இல் ஒழுங்கு இருக்கிறது. பத்திரிகைக்கு எழுது என்று அதில் இல்லை. பையன் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய உங்கள் அனுமதியும் தேவையில்லை, சுவாமியின் அனுமதியும் தேவையில்லை. வழி தெரியாவிட்டால் கூடப் போங்கள். கடைக்காரர் வீட்டுக்கு இந்தக் கிழமையே ஒரு பின்னேரம் தனியாகப் போங்கள்.

போகுமுன் சீமெந்துக் கடனைக் கட்டிவிடுங்கள்.