என் தரப்பைக் கேட்காமலே, கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) தீர்ப்பு கொடுத்துவிட்டார், கோர்ட்டில் எதிர்க்க முடியுமா?

முடியும். இந்தியாவில் 1996ஆம் வருட நடுவர் சட்டத்தின் 34ஆவது பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. நோட்டீஸே வரவில்லை, எதிராளி கொடுத்த ஆவணத்தை உங்கள் கண்ணிலேயே காட்டவில்லை, பதில் சொல்ல வாய்ப்புத் தரவில்லை என்றால் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனு போடலாம். 'நடுவர் தப்பாக முடிவெடுத்தார்' என்று மட்டும் போனால் நிற்காது.

நாள் கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கையெழுத்திட்ட தீர்ப்பு நகல் கைக்கு வந்ததிலிருந்து 3 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. அப்புறம், மனு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது, தடை உத்தரவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

விசாரணை நடந்தபோதே நீங்கள் ஆட்சேபித்து அனுப்பிய ஈமெயில் இருந்தால் முதலில் அதைத் தேடி எடுங்கள்; அன்று பேசாமல் இருந்துவிட்டு இன்று குறை சொன்னால், உரிய நேரத்தில் ஆட்சேபிக்காதவர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கருதும் அதே சட்டத்தின் 4ஆவது பிரிவைக் காட்டியே மடக்கிவிடுவார்கள்.