பொங்கலுக்குப் போட்ட மிளகாய் நாத்து ஏன் சரிஞ்சு விழுது?

கேள்வி: ஸ்காபரோவில இருக்கிறம். தைப்பொங்கல் நல்ல நாள் எண்டு மிளகாய், கத்தரி, தக்காளி மூண்டையும் யன்னல் கரையில ட்ரேயில போட்டன். முளைச்சுது, ஆனா நூல் மாதிரி நீண்டு கண்ணாடிப் பக்கம் சாயுது, இப்ப அடித்தண்டு சூம்பி ஒவ்வொண்டா விழுது. தண்ணி காணாதெண்டு அம்மா சொல்லுறா, நானும் ஊத்திக்கொண்டே இருக்கிறன்.

பதில்: நல்ல நாள்தான் அக்கா, ஆனா நாங்கள் இஞ்ச எவ்வளவு பொங்கிப் படைச்சாலும் ரொறன்ரோச் சூரியன் ஜனவரியில 9 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் நிக்குது, அதிலயும் கன நாள் முகில். வெளிச்சம் எங்க எண்டு தேடித்தான் செடி நீளுது. கராஜுக்கு வாங்கிற சாதாரண 4 அடி எல்இடி லைற் போதும், அதை இலைக்கு மேல 2–3 அங்குலத்தில தொங்கவிட்டு ஒரு நாளைக்கு 14–16 மணித்தியாலம் எரிய விடுங்கோ, செடி வளர வளர லைற்றையும் மேல தூக்கிக் கட்டவேணும், இரவில நிப்பாட்டோணும்.

விழுறது தண்ணி காணாமல் இல்லை, கூடி. மண் எந்த நேரமும் சொதசொதவெண்டு இருந்தா அதில இருக்கிற பூஞ்சை அடித்தண்டை அழுகப் பண்ணும், விழுந்ததை எழுப்பேலாது, மண்ணோட அள்ளி எறியுங்கோ. (உங்கட அம்மாவிட்ட நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.) வளவு மண் வேண்டாம், விதை போடுறதுக்கெண்டே விக்கிற லேசான மண் பையை வாங்கிப் போடுங்கோ, தண்ணிய மேலால ஊத்தாமல் கீழ்த்தட்டில ஊத்தி அரை மணித்தியாலம் ஊறவிட்டு மிச்சத்தைக் கொட்டிப்போடுங்கோ, பக்கத்தில ஒரு சின்ன ஃபேனையும் மெதுவா சுத்த விடுங்கோ.

மிஞ்சின தக்காளியைக் காப்பாத்தலாம், அது தண்டிலயே வேர் விடுற சாதி, அடுத்த கப்புக்கு மாத்தேக்க கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள தாட்டா சரி. மிளகாய், கத்தரிய அப்பிடி நம்பேலாது, திரும்பப் போடுங்கோ. எப்ப எண்டு கேட்டால் பஞ்சாங்கத்தை விட்டிட்டு, நாத்தை வெளியில நடுற மே 24 லாங் வீக்கெண்டில (விக்ரோறியா டே லீவு) இருந்து பின்னுக்கு எண்ணுங்கோ: மிளகாய், கத்தரிக்கு 8–10 கிழமை, அதாவது மார்ச் நடுவில, தக்காளிக்கு 6–8 கிழமை போதும். மிளகாய் விதைக்கு மண் 25–30 டிகிரி சூடா இருக்கோணும், நான் ஒரு வருஷம் கெட்டித்தனமா ட்ரேயை ஹீட்டர் காத்து வாற ஓட்டைக்கு மேல வைச்சு மண்ணெல்லாம் பொரிஞ்சு போச்சு, அதால காசு போனாலும் நாத்துக்கெண்டு விக்கிற ஹீட் மேட் (ட்ரேக்கு அடியில வைக்கிற சூட்டு விரிப்பு) ஒண்டை வாங்குங்கோ, முளைச்சவுடன எடுத்திடுங்கோ.

கேள்வி: பிரம்ப்டன். போன வருஷம் பாவக்காய் விதை 10 போட்டு ஒண்டும் முளைக்கேல்லை, விதை பிழையோ?

பதில்: விதை பழசா இருந்தா முளைக்காதுதான், ஆனா கூடுதலாத் தோல்தான் பிரச்சினை, சரியான தடிப்பு. நெயில் கட்டரால நுனியில ஒரு துளி வெட்டி, இளஞ்சூட்டுத் தண்ணியில ஓரிரவு ஊறப்போட்டு, ஈர பேப்பர் டவலில சுத்தி ஸிப் பைக்குள்ள போட்டு சூடான இடத்தில வையுங்கோ, வேர் தலை காட்டினதும் மண்ணுக்கு மாத்தலாம். ஏப்ரல் கடைசிக்கு முன்னம் தொடங்காதேங்கோ, வீட்டுக்குள்ள கொடி லைற் கம்பியில சுத்தத் தொடங்கீடும். பாவக்காய்க்கு வேரைத் தொட்டாப் பிடிக்காது, அதால குடிச்ச டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கப்பைக் கழுவி அடியில ஓட்டை போட்டு அதில வளருங்கோ, நடேக்க கப்பை வெட்டி எடுத்துப்போட்டு மண்ணுருண்டையோட வையுங்கோ, கப்போட புதைக்காதேங்கோ, உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, கெதியில உக்காது.

கேள்வி: மார்க்கம். ஏப்ரலில 20 டிகிரி வந்தா வெளியில நட்டிடலாமோ?

பதில்: வேண்டாம். பகல் 20 எண்டாலும் இரவில உறைபனி விழும். மே நடுவில இருந்து ஒரு 7–10 நாளைக்கு வெளியில எடுத்துப் பழக்குங்கோ, முதல் நாள் நிழலில ஒரு மணித்தியாலம், பிறகு கொஞ்சம் கொஞ்சமா வெயில், இரவு 10 டிகிரிக்குக் கீழ போற நாளில உள்ளுக்க எடுத்து வையுங்கோ. முதல் நாளே வெயிலில விட்டிட்டு வேலைக்குப் போனீங்களெண்டா பின்னேரம் வரேக்க இலையெல்லாம் வெள்ளைக் கடதாசி மாதிரி இருக்கும்.